வீதியுலாவைக் காணும் உரிமை யாருக்கு?

(அம்பிட்டியவில் நடைபெற்ற பொதுக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

     

இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறிய பொருள் என்று சிலர் எண்ணலாம். மொழியுரிமை, காணியுரிமை, குடியுரிமை என்று பேசிப் பழகிய நம் மேடையில், கண்டிப் பெரஹராவுக்கு நாற்காலி பெறுவது எப்படி, வரிசையில் நிற்பது எப்படி என்று பேச வந்துவிட்டானே என்று நகைக்கவும் கூடும். நகைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு நாடு தன் மக்களைச் சமமாக மதிக்கின்றதா என்று அறிவதற்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. எல்லோரும் விரும்பும் பொருளொன்று எல்லோருக்கும் போதாதிருக்கும் வேளையில், அந்நாடு அதனை எவ்வாறு பங்கிடுகின்றது என்று பார்த்தாற் போதும். நீர் குறைந்த குளத்திலும், இடம் குறைந்த பள்ளிக்கூடத்திலும், எண்ணெய் குறைந்த எண்ணெய் நிலையத்திலும் எழுவது ஒரே வினாதான்: முதலில் யாருக்கு? பெரஹரா வீதியிலும் அதே வினாதான் எழுகின்றது. ஆதலால் இது சிறிய பொருள் அன்று.

உலாவின் பொருள்

கண்டி எசல பெரஹரா நமக்கு அயலான விழா அன்று. தலதா மாளிகையின் ஊர்வலத்தோடு நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்கள் செல்கின்றன. நாததேவன், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோரின் தேவாலயங்கள் அவை. அந்தப் பத்தினி வேறு யாருமல்லள்; நம் கண்ணகியே. கஜபாகு மன்னன் சேர நாட்டிலே கண்ணகி விழாவுக்குச் சென்ற செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். தேவாலயங்களின் விழாவாக நடந்துவந்த ஊர்வலத்திலே புனித தந்ததாதுவின் பேழை முதலிடம் பெற்றது 18ஆம் நூற்றாண்டிலே, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் ஆட்சிக் காலத்திலாகும். அவன் 1747 முதல் 1782 வரை ஆண்ட நாயக்கர் குலத்து மன்னன். தென்னாட்டிலிருந்து வந்த குடும்பத்தினன். கண்டி இராச்சியத்திலே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயன் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தன் நூலிலே, அதற்கு முந்திய காலத்துப் பெரஹராவை விரித்து எழுதியுள்ளான். ஆகவே இது பல குலத்தாரும் பல மொழியாரும் சேர்ந்து வளர்த்த விழா. இதனைக் காண்பதிலே எல்லோருக்கும் பங்குண்டு.

ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். தெய்வம் ஏன் வீதிக்கு வருகின்றது? கருவறைக்குட் சென்று வழிபட இயலாதவர்கள் எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் இருந்தார்கள். முதியவர், நோயாளர், கைக்குழந்தை உடையவர், தீண்டாமை என்னும் கொடுமையால் வாயிலிலே தடுத்து நிறுத்தப்பட்டவர் எனப் பலர். அவர்கள் உள்ளே வர முடியாவிட்டால் தெய்வம் வெளியே வரட்டும் என்பதே வீதியுலாவின் கருத்து. பெரஹராவும் அத்தகையதே. ஐந்து இரவுகள் கும்பல் பெரஹரா; ஐந்து இரவுகள் ரந்தோலிப் பெரஹரா. பத்து இரவுகள் நகரத்து வீதிகளை வலம் வருவது, மக்கள் பங்கிட்டுக் கண்டு களிப்பதற்காகவே அன்றோ? விழாவின் அமைப்பிலேயே பங்கீடு இருக்கின்றது. அதனைக் குலைப்பவர்கள் நாம்தான்.

இன்றைய நிலை

பெரஹரா நாளிலே கண்டி நகருக்குச் சென்றவர்கள் அறிவார்கள். வீதியோரத்துக் கட்டடங்களின் மாடங்களும் கடைகளின் முன்புறங்களும் இருக்கைகளாக மாறுகின்றன. அவற்றுக்கு விலையுண்டு. இறுதி ரந்தோலி இரவு நெருங்க நெருங்க அவ்விலை ஏறுகின்றது. வெளிநாட்டார் தம் ஊரிலிருந்தபடியே இணையத்தின் வழியாகப் பணம் கட்டி இடம் பிடிக்கின்றனர். மறுபுறத்திலே, நடைபாதையில் உச்சிவெயிலிலே பாயையோ பொலித்தீன் தாளையோ விரித்துக் குடும்பத்தோடு அமர்ந்து, இரவு ஊர்வலம் வரும்வரை எழாமற் காத்திருக்கின்றனர் நம் மக்கள். அம்பிட்டியவிலிருந்தும் தலாத்துஓயாவிலிருந்தும் ஹந்தானைத் தோட்டங்களிலிருந்தும் இறங்கி வருகின்றவர்கள் அத்தகையவர்களே.

2025ஆம் ஆண்டு ஏப்ரல் 18 முதல் 27 வரை, 2009க்குப் பின் பதினாறு ஆண்டுகள் கழித்து, புனித தந்ததாது பொதுமக்களின் தரிசனத்துக்கு வைக்கப்பட்டது. அனுமதிச் சீட்டு எதுவும் இல்லை. வந்தவர் வரிசையில் நிற்கலாம் என்பதே முறை. கேட்பதற்கு இனிய முறைதான். நடந்தது என்ன? இலட்சக்கணக்கான மக்கள் இச்சிறு நகரத்திலே வந்து குவிந்தனர். வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன. மக்கள் இரவு பகலாக வீதியிலேயே கிடந்தனர். இனிக் கண்டிக்கு வரவேண்டாம் என்று பொலிசார் நாட்டு மக்களை வேண்டிக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. அந்நாட்களிலே கண்டி முஸ்லிம் மக்கள் தம் பள்ளிவாசல்களைத் திறந்து, களைத்தவர்களுக்கு உணவும் நீரும் இடமும் அளித்தார்கள் என்பதை நன்றியோடு நினைவு கூர்கின்றேன். மக்களின் பண்பு உயர்ந்து நின்றது. குறைபாடு முறையிலேதான் இருந்தது.

சிறிது கணக்குப் பார்ப்போம். நிமிடத்துக்கு நூறு பேர் தரிசிக்கின்றனர் என்றும், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம், பத்து நாட்கள் என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 3 இலட்சம் பேர் தரிசிக்கலாம். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இந்நாட்டு மக்கள் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம். அப்படியானால் எழுபது பேருக்கு ஒருவர்கூடக் காண இயலாது. வேகத்தை இருமடங்கு ஆக்கினாலும் கணக்கு பெரிதாக மாறாது. எல்லோருக்கும் கொடுக்க முடியாது என்பது உறுதி. எனவே யாருக்குக் கொடுப்பது என்னும் வினாவிலிருந்து தப்ப முடியாது. முறை வகுக்காமல் விட்டுவிட்டால், உடல் வலிமையும் ஓய்வும் உடையவர்க்கே கொடுப்பது என்று முறை வகுத்ததாகவே முடியும்.

நான்கு வழிகள்

குறைந்த பொருளைப் பங்கிட உலகத்திலே நான்கு வழிகள் வழங்குகின்றன. விலை, வரிசை, சிபாரிசு, திருவுளச் சீட்டு ஆகியனவே அவை. ஒவ்வொன்றையும் நடுநிலையோடு எடைபோடுவோம்.

முதலாவது விலை. விரும்புகின்றவன் பணம் கொடுத்து வாங்கட்டும் என்பர் சிலர். சீலைக்கும் செருப்புக்கும் அது பொருந்தலாம். ஆனால் விலை விருப்பத்தின் அளவைக் காட்டுவதில்லை. பையின் அளவையே காட்டுகின்றது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. அத்தகைய கூலி பெறும் தாய் நாற்காலி ஒன்றுக்குப் பல நாட் கூலியைக் கொடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து வருபவருக்கோ அது ஒருவேளை விருந்துச் செலவு. இவ்விருவரில் யாருக்கு விருப்பம் மிகுதி என்று விலை எப்படிச் சொல்லும்?

இரண்டாவது வரிசை. வரிசையிலே சமத்துவம் இருக்கின்றது என்று நாம் நம்பி வந்திருக்கின்றோம். பணக்காரனும் நிற்க வேண்டும், ஏழையும் நிற்க வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் வரிசையும் ஒரு விலைதான். பணத்துக்குப் பதிலாக அது நேரத்தை வாங்குகின்றது. மாதச் சம்பளம் பெறுபவர் விடுமுறை எடுத்து நிற்கலாம். நாட்கூலிக்காரர் நின்றால் அன்றைய உலை ஏறாது. மரக்கறித் தோட்டக்காரர் நின்றால் பறிக்க வேண்டிய போஞ்சி முற்றிவிடும். முதியவரும் கர்ப்பிணிகளும் நிற்கவே இயலாது. வசதி உடையவரோ தமக்காக நிற்க ஓர் ஆளை அமர்த்திவிடுவார். 2022இல் எரிபொருள் வரிசைகளிலே நின்று உயிர் நீத்தவர்களை இந்நாடு மறந்துவிடவில்லை. 2025 ஜனவரி 8ஆம் நாள் திருப்பதியிலே, வைகுண்ட வாயில் தரிசனத்துக்கான சீட்டைப் பெறக் கூடிய நெரிசலிலே ஆறு பேர் மாண்டனர். தரிசனத்திலன்று, தரிசனச் சீட்டுக்கான வரிசையிலேயே அவர்கள் மாண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். முந்தி வருபவர்க்கே என்று அறிவித்துவிட்டால், முந்துவதற்காக மக்கள் மோதுவார்கள். அது மக்களின் குற்றம் அன்று, அறிவித்தவரின் குற்றம்.

மூன்றாவது சிபாரிசு. இதனை யாரும் முறை என்று ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் நம் நாட்டிலே மிகப் பரவலாக வழங்குவது இதுவே. கடிதம், தொலைபேசி அழைப்பு, பிரமுகர் அட்டை என்று இதற்கு வடிவங்கள் பல. காஞ்சிபுரத்திலே நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நீரிலிருந்து எழுந்தருளும் அத்திவரதரை 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் 48 நாட்கள் மக்கள் தரிசித்தனர். பொது வரிசையிலே மக்கள் மணிக்கணக்காக வாடி நிற்க, சிறப்பு அட்டை உடையவர்கள் வேறு வாயிலாற் சென்றார்கள் என்னும் மனக்குறை அப்பொழுது தமிழ்நாடெங்கும் எழுந்தது. நெரிசலிலே உயிர்ச்சேதமும் நேர்ந்தது. சிபாரிசின் தீமை, தகுதியற்றவர் உள்ளே போவது மட்டுமன்று. யாருடைய தயவுமின்றி வாழ எண்ணும் மானமுள்ள மனிதனையும் ஒருவனுடைய வாசலிலே கொண்டுபோய் நிறுத்துவதே அதன் பெருந்தீமை. இன்று நாற்காலிக்காகத் தலை சொறிந்தவன், நாளை வாக்குச் சீட்டைக் கேட்கும்போது எப்படி நிமிர்ந்து நிற்பான்?

நான்காவது திருவுளச் சீட்டு. பெயர்களை எழுதிக் குலுக்கி எடுப்பது. இது சூதாட்டம் போன்றதல்லவா என்று கேட்பர். இல்லை. சூதிலே பொருளைப் பணயம் வைக்கின்றோம். இதிலே எவரும் எதையும் இழப்பதில்லை. எல்லோருக்கும் ஒரே அளவான வாய்ப்பு; பணத்துக்கும் பதவிக்கும் உடல் வலிமைக்கும் இதிலே வேலையில்லை. கிடைக்காதவனுக்கும் அவமானம் இல்லை.

நம் முன்னோர் கண்ட முறை

திருவுளச் சீட்டு மேல்நாட்டார் கற்றுத்தந்த வித்தை அன்று. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் ஆட்சியிலே, 919ஆம், 921ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்க் கோயிலிலே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலே இட்டார்கள். எல்லோரும் காணும்படி, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுத்தார்கள். முந்திய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர்க்கு இடமில்லை. கணக்குக் காட்டாதவர்க்கும் அவர் உறவினர்க்கும் இடமில்லை. அக்காலத்துத் தகுதி விதிகளிலே நாம் ஏற்க முடியாத குல வேறுபாடுகள் இருந்தன. அவற்றை நான் போற்றவில்லை. ஆனால் அம்முறையின் உறுப்புகளைக் கவனியுங்கள்: ஊர்ப்பிரிவு தோறும் பங்கு, பலர் முன்னிலையிற் குலுக்கல், ஒருமுறை பெற்றவன் சில காலம் ஒதுங்கி நிற்றல். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் கண்ட இம்மூன்றும், கண்டி வீதியிலே நாற்காலி பங்கிட இன்றும் போதுமானவை.

உழவர் பெருமக்களே, உங்களுக்கு இதை நான் விளக்கவும் வேண்டுமோ? குளத்திலே நீர் குறைந்த போகத்திலே, குளத்துக்கு அண்மையிலுள்ள வயற்பரப்பை மட்டும் எல்லாப் பங்காளரும் பிரித்துச் செய்யும் 'பெத்ம' முறை இந்நாட்டு வயல்வெளிகளிலே வழங்குவது. அவ்வயல் யாருக்குச் சொந்தம் என்று அப்போகத்திலே எவரும் வாதாடுவதில்லை. பிரித்தாற் பயன்படாத சிறு வயலை, உடன்பிறந்தார் ஆண்டுக்கொருவராக முறைவைத்துச் செய்யும் 'தட்டுமாறு' வழக்கத்தைக் கண்டி நாட்டிலே நன்கறிவீர்கள். யாழ்ப்பாணத்திலே ஒரு கிணற்று நீரைப் பங்காளர்கள் முறைவைத்து இறைக்கின்றார்கள். குறைந்ததைப் பகிரும் அறிவு பல்கலைக்கழகத்திலே பிறந்ததன்று, வரம்பிலே பிறந்தது. அதனை வரம்பிலிருந்து வீதிக்குக் கொண்டு வருவதே நம் வேலை.

பிற நாட்டார் செய்வது

இலண்டன் விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்திலே 1924 முதலே பொதுமக்களுக்குக் குலுக்கல் முறையிற் சீட்டு வழங்குகின்றனர். ஒருபகுதிச் சீட்டுகளை அன்றன்று வரிசையில் வருவோர்க்கும் வைத்திருக்கின்றனர். வரிசையில் நிற்பவர்க்கு இலக்கமிட்ட அட்டை உண்டு. 2023 மே மாதத்தில் மூன்றாம் சாள்ஸ் மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி வின்ட்சர் மாளிகையில் நடந்த இசை விழாவுக்கு, ஆயிரக்கணக்கான இலவசச் சீட்டுகளை நாடு தழுவிய குலுக்கலால் வழங்கினார்கள். அச்சீட்டுகள் தலைநகரத்தார்க்கே போய்விடாதபடி, மக்கள் தொகைக்கு ஏற்ப நாட்டின் பகுதிகளுக்குப் பிரித்தார்கள். முடியாட்சி நாடு தன் மன்னனின் விழாவிலே குடிமக்களுக்குக் குலுக்கல் வைக்கின்றது. குடியாட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட நாம் பிரமுகர் வரிசை வைக்கின்றோம்.

அயல் நாடாகிய பாரதத்திலே, டில்லிக் குடியரசு நாள் அணிவகுப்புக்கு 20 ரூபா, 100 ரூபா என்று எளியவர்க்கும் எட்டும் விலையிற் சீட்டு விற்கின்றனர். வாங்குபவர் தம் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். 2023இல் அணிவகுப்புச் சாலையைக் கட்டிய தொழிலாளரையும், றிக்ஷா இழுப்போரையும், தெருவில் மரக்கறி விற்போரையும் சிறப்பு விருந்தினராக அழைத்து முன்னிடத்தில் அமர்த்தினார்கள். இது விளம்பரத்துக்காகச் செய்தது என்று சிலர் சொல்லட்டும். சாலை போட்டவனுக்குச் சாலையோரத்திலே இருக்கை வேண்டும் என்னும் கருத்தை யாரால் மறுக்க முடியும்?

நாம் கேட்பது என்ன?

குறை கூறுவதோடு நின்றுவிட்டால் இப்பேச்சுப் பயனற்றதாகும். எனவே என் யோசனைகளை வரிசையாகச் சொல்கின்றேன்.

முதலில், மூவகை இடங்களை வேறு பிரித்தறிய வேண்டும். தனியார் ஒருவரின் மாடம் அவருடையது. அதற்கு அவர் விலை கூறலாம். அதனை நாம் பறிக்க வரவில்லை. கடைக்கு முன்னாலுள்ள நடைபாதையோ பொதுமக்களுடையது. அதிலே நாற்காலியை இட்டு விற்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. வரிப்பணத்திலே போட்ட வீதியை வரி செலுத்தியவனுக்கே விற்பது என்ன நியாயம்? நடைபாதை முழுவதும் இலவசமாகவே இருக்கவேண்டும். அதனைக் காப்பது மாநகர சபையினதும் பொலிசாரினதும் கடமை. மூன்றாவது, அரச அமைப்புகள் போடும் பந்தல்களும் மேடைகளும். இவற்றுக்கே பங்கீட்டு முறை வேண்டும்.

இரண்டாவதாக, இப்பந்தல்களிலே அழைப்பின்பேரில் வருவோர்க்கு எத்தனை இடம், பொதுமக்களுக்கு எத்தனை இடம் என்பதை விழாவுக்கு முன்னரே வெளியிட வேண்டும். வெளிப்படுத்த வெட்கப்படும் எண்ணிக்கை தானே குறையும்.

மூன்றாவதாக, பொதுமக்களுக்குரிய இடங்களைக் கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் வாயிலாகக் குலுக்கி வழங்க வேண்டும். நாடு முழுவதிலும் 14,000க்கும் மேற்பட்ட பிரிவுகள் உள்ளன. ஒரு குடும்பத்துக்கு ஒரு விண்ணப்பம்; கடதாசியிலும் கொடுக்கலாம், கைத்தொலைபேசி வழியாகவும் கொடுக்கலாம். தேசிய அடையாள அட்டை இலக்கம் அதிலே இருக்க வேண்டும். விண்ணப்பத்துக்குத் தொடர் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு உண்டு. ஓரிலட்சம் விண்ணப்பங்கள் வந்து பதினாயிரம் குடும்பங்களுக்கே இடமிருக்குமாயின், மாவட்டச் செயலகத்திலே எல்லோர் முன்னிலையிலும் ஒரு குழந்தை பூச்சியம் முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களில் ஒன்றை எடுத்தாற் போதும். தொடர் இலக்கத்தின் கடைசி எண் அதுவாக உள்ளவர்க்குச் சீட்டு. இதைச் சரிபார்க்கக் கணினியும் வேண்டாம், கணக்காய்வாளரும் வேண்டாம். பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்கும் பாட்டியே சரிபார்த்துக்கொள்வார்.

நான்காவதாக, தட்டுமாறு வழக்கத்தைப் பத்து இரவுகளுக்கும் பொருத்த வேண்டும். இவ்வாண்டு கும்பல் இரவு பெற்ற பிரிவுக்கு அடுத்த ஆண்டு ரந்தோலி இரவு வரட்டும். பெரிய இரவு என்றும் பெரியவர்க்கே என்னும் நிலை அப்பொழுது மாறும். ஒருமுறை சீட்டுப் பெற்ற குடும்பம், குடவோலை விதியைப் போல, மூன்று ஆண்டுகள் ஒதுங்கி நிற்கட்டும்.

ஐந்தாவதாக, முதியோர், உடற்குறையுடையோர், கைக்குழந்தையுடைய தாய்மார் ஆகியோர்க்கு ஒரு பகுதி தனியாக வேண்டும். விழா நாட்களிலே வீதி அடைப்பையும் இரைச்சலையும் குப்பையையும் பொறுத்துக்கொள்ளும் நகரத்தார்க்கும் சுற்றுப்புறத்தார்க்கும் ஒரு பகுதி வேண்டும். அதிலே அம்பிட்டியவும் அடங்கும். ஹந்தானைத் தோட்டத்து லயங்களும் அடங்க வேண்டும். சீட்டைப் பிறருக்கு விற்றாற் செல்லாது. வர இயலாதவர் திருப்பிக் கொடுத்தால், அடுத்தவர்க்குப் போகும்.

ஆறாவதாக, தந்ததாது தரிசனம் போன்ற அரிய நிகழ்ச்சிகளுக்கு நாளும் மணியும் குறித்த சீட்டுகளை நாட்டின் 25 மாவட்டங்களிலும் முன்கூட்டியே வழங்க வேண்டும். சீட்டு ஊருக்கு வரட்டும். சீட்டுக்காக ஊர் கண்டிக்கு வரவேண்டாம். இது இயலாத காரியம் என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. 2022 ஜூலையிலே எரிபொருளுக்கு இதையே செய்தார்கள். வாகன இலக்கத்தின் கடைசி எண்ணைக் கொண்டு நாள் குறித்தார்கள்; பின்னர் கியூஆர் குறியீட்டு அனுமதியால் வாரந்தோறும் அளவு வகுத்தார்கள். கிலோமீற்றர் கணக்கில் நின்ற வரிசைகள் கரைந்தன. 2023 செப்ரெம்பர் வரை அம்முறை நடந்தது. பெற்றோலுக்கு முடிந்தது பக்திக்கு முடியாதா?

ஏழாவதாக, அறிவித்தல், விண்ணப்பம், குலுக்கல் முடிவு யாவும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வரவேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் சொல்கின்றது. சிங்களத்திலே திங்கட்கிழமை அறிவித்து, தமிழிலே வெள்ளிக்கிழமை அறிவித்தால், விண்ணப்ப முடிவு நாள் வியாழனாக இருக்கும். அப்படிப்பட்ட சமத்துவத்தை நாம் நிறையக் கண்டுவிட்டோம்.

மறுப்புரைகள்

சிலர் கேட்பார்கள்: குலுக்கலுக்குப் பக்தி தெரியுமா? தெரியாது. ஆனால் பணத்துக்குத் தெரியுமா? சிபாரிசுக் கடிதத்துக்குத் தெரியுமா? பக்தியை அளக்கும் கோல் எதுவும் அரசின் கையிலே இல்லை. இல்லாத கோலை வைத்து அளப்பதுபோல் நடிப்பதைவிட, எல்லோரையும் ஒரே குடத்தில் இடுவதே நேர்மை.

வேறு சிலர், வெளிநாட்டாரால் வரும் வருமானம் குறையுமே, யானைக்கும் கலைஞர்க்கும் தீவட்டிக்கும் செலவு இல்லையா என்பர். நியாயமான வினா. எனவேதான் எல்லா இருக்கையும் இலவசமாகட்டும் என்று நான் சொல்லவில்லை. பந்தல்களில் ஒரு குறித்த பகுதியை வெளிநாட்டார்க்கு நல்ல விலைக்கே விற்கட்டும். அத்தொகையை வெளியிட்டு, ஆடும் கலைஞரின் ஊதியத்துக்கும் நகரத் துப்புரவுத் தொழிலாளரின் மேலதிக வேலைக்கும் பயன்படுத்தட்டும். விருந்தினரை நாம் வெறுக்கவில்லை. விருந்தினருக்கு இடம் கொடுக்க வீட்டுக்காரனைத் தெருவுக்குத் துரத்த வேண்டாம் என்கின்றோம். இங்கே தெருவிலும் அவனுக்கு இடமில்லை!

இன்னுமொரு மறுப்புண்டு. ஊர்ப்பங்கு, பிரிவுப்பங்கு என்று தொடங்கினால், அது இனப்பங்காக மாறாதா என்று தமிழர் அஞ்சுவர். அவ்வச்சத்துக்குக் காரணமுண்டு. 1970களின் தொடக்கத்திலே பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல் நம் நெஞ்சிலே இட்ட புண் ஆறவில்லை. ஆயினும் விதி ஒன்றே. மக்கள் தொகைக்கேற்ற பங்கு, எல்லோர்க்கும் ஒரே குடம், எல்லோர் முன்னிலையிலும் குலுக்கல். மறைவிலே வகுக்கும் பங்குதான் வஞ்சிக்கும். வெளியரங்கமான பங்கு வஞ்சிக்க இயலாது. வஞ்சித்தாலும் அன்றே பிடிபடும்.

நம் வீட்டுக் கணக்கு

பிறருக்கு முறை சொல்ல முற்படும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். 1968இல் மாவிட்டபுரம் கந்தன் கோயில் வாயிலிலே, பிறப்பைக் காரணங்காட்டி நம்மவரை நம்மவரே தடுத்த வரலாறு நமக்குண்டு. இன்று அந்த வாயில் வேறு வடிவத்திலே பல ஊர்களில் நிற்கின்றது. அதற்குச் சிறப்புத் தரிசனச் சீட்டு என்று பெயர். பெருந்தொகை கொடுத்தவனுக்கு முன்வரிசை, கொடுக்காதவனுக்குத் தூணின் பின்புறம் என்றால், பழைய தடைக்கும் புதிய தடைக்கும் வேறுபாடு என்ன?

நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே இருக்கின்றது. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே அருச்சனைச் சீட்டின் விலை 1 ரூபா. பணவீக்கம் எல்லாவற்றையும் விழுங்கிய இக்காலத்திலும் அந்த ஒரு ரூபாவை எவரும் அசைக்கவில்லை. இருபத்தைந்து நாட்திருவிழாவிலே செல்வரும் வறியரும் அதே ஒரு ரூபாவைக் கொடுத்தே நிற்கின்றார்கள். கோயில் குறைந்துபோகவில்லை, புகழ் பெருகியே நிற்கின்றது.

ஆகவே நம் பாடசாலை விழாக்களிலும் கோயில் மண்டபங்களிலும் நாம் முதலிலே இம்முறையைத் தொடங்குவோம். அடுத்த திருவிழாவிலே முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காமல், பத்துப் பங்கில் ஒன்பது பங்கைக் குலுக்கி எடுப்போம். நம் கையால் நடத்திக் காட்டிய முறையைக் கொண்டுபோய் மாநகர சபையிடமும், மாவட்டச் செயலாளரிடமும், தலதா மாளிகையின் தியவடன நிலமேயிடமும் பணிவோடும் உறுதியோடும் கேட்போம். இக்கோரிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று. நடைபாதையிலே நம் அருகிற் பாயை விரித்து அமர்ந்திருக்கும் சிங்கள விவசாயியின் கோரிக்கையும் இதுவே. அவரும் வெயிலிலேதான் காத்திருக்கின்றார். அவரோடு சேர்ந்து கையொப்பம் வாங்குவோம்.

2020இலும் 2021இலும் கொள்ளை நோயின் காரணமாகப் பெரஹரா பொதுமக்கள் இன்றி நடந்தது. யானைகள் சென்றன; மேளம் முழங்கியது; தீவட்டிகள் எரிந்தன; வீதி வெறுமையாகக் கிடந்தது. தொலைக்காட்சியிலே கண்டவர்கள் எல்லோரும் எதையோ இழந்ததாக உணர்ந்தார்கள். இழந்தது மக்களை. மக்கள் இல்லாத பெரஹரா வெறும் நடைதான் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டிவிட்டன. நோய் செய்ததை இனி விலையும் சிபாரிசும் செய்ய விடலாகாது. கையொப்பத் தாள்கள் வாசலிலே இருக்கின்றன. வீடு திரும்புமுன் பெயரை எழுதிச் செல்லுமாறு உங்களை வேண்டி அமர்கின்றேன்.